பொய்க் கூட்டம் கூட்டிப் பார்க்கும் வேலை

2019-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் மைதானம். உலகக் கோப்பை அரை இறுதி ஆட்டம். நியூசிலாந்தை வெல்ல இந்தியாவுக்கு 240 ரன் தேவை. 5 ரன்னுக்கு 3 விக்கெட், 92 ரன்னுக்கு 6 விக்கெட் என்று சாய்ந்து கிடந்த ஆட்டத்தை ஜடேஜாவும் தோனியும் தூக்கி நிறுத்தினார்கள். ஜடேஜா 77 ரன்னில் போய்விட்டார். தோனி நிற்கிறார். 49-வது ஓவர். இரண்டாவது ரன்னுக்கு ஓடினார். கப்டில் எறிந்த பந்து நேரே ஸ்டம்பில் விழுந்தது. தோனி ரன் அவுட்!

தாராவிச் சந்திலும், மாட்டுங்கா டீக்கடையிலும், லோக்கல் வண்டியில் தொங்கிக் கொண்டும் செல்போனில் ஆட்டம் பார்த்தவர்கள் "சே!" என்று அலுத்துக் கொண்டார்கள். அலுத்துக் கொண்டதோடு இன்னொன்றும் செய்தார்கள். திரும்பிப் போகும் பட்டனை அழுத்தினார்கள்.

அப்போது ஹாட்ஸ்டார் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் மூலம் அந்த ஆட்டத்தை ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் வரை பார்த்தார்கள். அந்த நாளில் அது உலக சாதனை. தோனி வெளியேறியதும், சில நிமிடங்களில் அந்தக் கூட்டம் 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இதை அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே பின்னர் பொது மேடைகளில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள்.

கூட்டம் கலைந்தால் நல்லதுதானே, கடைக்காரனுக்கு ஓய்வுதானே என்று தோன்றும். விஷயம் அப்படி இல்லை. ஆட்டம் பார்க்கும்போது செல்போன் கேட்பது ஒரே ஒரு படத்தைத்தான். திரும்பிப் போகும் பட்டனை அழுத்தினால் முகப்புப் பக்கம் வரும். அந்தப் பக்கம் உங்கள் பெயரைக் கேட்கும், கடைசியாக என்ன பார்த்தீர்கள் என்று தேடும், அடுத்து என்ன பிடிக்கும் என்று கணக்குப் போடும். ஒருவர் வெளியே போகும்போது ஏழெட்டுக் கேள்விகளைப் போட்டுவிட்டுப் போகிறார். கோடிக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் அப்படிப் போனால்? உள்ளே வரும் கூட்டத்தை விட வெளியே போகும் கூட்டம்தான் வாசலை உடைக்கும். தேர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

ஆனாலும் அன்று வாசல் உடையவில்லை. காரணம், அந்தக் கூட்டத்தை அவர்கள் முன்பே ஒருமுறை கூட்டிப் பார்த்திருந்தார்கள். உண்மையான மனிதர்களைக் கொண்டு அல்ல, பொய் மனிதர்களைக் கொண்டு.

வாடகைப் பாத்திரம்

சர்வர் என்பது வேறொன்றும் இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். நம் கையில் இருக்கும் செல்போன் கேட்கிறது, எங்கோ இருக்கும் சர்வர் கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல் அதிகமானால் சர்வர்கள் அதிகம் வேண்டும்.

முன்பெல்லாம் கம்பெனிகள் இந்த இயந்திரங்களைச் சொந்தமாக வாங்கிக் குளிர்சாதன அறையில் வைத்துக் கொண்டன. இப்போது பல கம்பெனிகள் வாடகைக்கு எடுக்கின்றன. ஊரில் கல்யாணம் என்றால் அண்டா, குண்டா, பந்திப் பாய் எல்லாம் யாரும் சொந்தமாக வாங்குவதில்லையே, வாடகைப் பாத்திரக் கடையில்தானே எடுக்கிறோம்? அதே கணக்கு. இந்த வாடகை ஏற்பாட்டுக்குத்தான் "கிளவுட்", அதாவது மேகம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் மேகம். இருப்பது தரையில், பெரிய பெரிய கட்டடங்களில், ஜெனரேட்டர் காவலோடு. அமேசான் கம்பெனி 2016-ல் மும்பை வட்டாரத்திலேயே இப்படி ஒரு தொகுதியைத் திறந்தது. வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாத போது திருப்பிக் கொடுக்கலாம், பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் பணம்.

அப்படியானால் கவலை என்ன? கூட்டம் வந்தால் எடுத்துக் கொள்ள வேண்டியதுதானே?

இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒன்று, கேட்டவுடன் இயந்திரம் கைக்கு வராது. அது விழித்தெழுந்து வேலைக்குத் தயாராக ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். தோனி மட்டையோடு நின்ற அந்த அரை இறுதியில் நிமிடத்துக்கு 10 லட்சம் பேர் என்ற வேகத்தில் கூட்டம் ஏறியது. ஒன்றரை நிமிடத்தில் 15 லட்சம் பேர் வாசலில் நின்றிருப்பார்கள். இரண்டு, முகூர்த்த நாளில் பாத்திரக் கடைக்குப் போனால் "எல்லாம் வாடகைக்குப் போய்விட்டது" என்று கடைக்காரர் கையை விரிப்பார் அல்லவா? மேகத்திலும் அது நடக்கும். கேட்ட ரகத்தில் கேட்ட எண்ணிக்கை இல்லை என்று பதில் வரும். மேகத்துக்கும் வெயிட்டிங் லிஸ்ட் உண்டு!

ஆகவே ஹாட்ஸ்டார்காரர்கள் கூட்டம் வந்த பிறகு இயந்திரம் தேடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது இத்தனை இயந்திரம், அதற்கு மேல் கைவசம் இத்தனை, என்று படிக்கட்டு மாதிரி ஓர் அட்டவணை போட்டார்கள். கூட்டம் ஒரு படியை நெருங்கும்போதே அடுத்த படிக்கு உரிய இயந்திரங்கள் தயாராக நிற்கும். ஒரு ரகம் கிடைக்காவிட்டால் வேறு ரகம். வாடகை கூடும். கூடினால் கூடட்டும்.

அந்த அட்டவணையில் உள்ள எண்களை எங்கிருந்து பிடித்தார்கள்? ஜோசியத்தில் பிடிக்க முடியாது. அதற்குத்தான் பொய்க் கூட்டம்.

பாலமும் சர்வரும்

பாம்பன் புதிய பாலத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்தார்கள். அதற்கு முன்பு அதன் மீது என்ஜினையும் வேகன்களையும் ஓட்டிப் பார்த்தார்கள். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து வேகச் சோதனை நடத்தினார். பயணிகள் வண்டி போனது அதற்குப் பிறகுதான்.

சர்வருக்கும் அதுவே முறை. "லோடு டெஸ்ட்" என்கிறார்கள். சுமைச் சோதனை. ஜேமீட்டர் போன்ற இலவச மென்பொருளில் சில கட்டளைகளை எழுதினால், ஒரே கம்ப்யூட்டர் பல நூறு மனிதர்களைப் போல நடிக்கும். பெயர் கொடுத்து உள்ளே நுழையும், பக்கத்தைத் திறக்கும், பணம் கட்டுகிற இடம் வரை போகும். 100 பேர், 1,000 பேர், 10,000 பேர் என்று ஏற்றிக் கொண்டே போவார்கள், ஏதாவது ஒன்று முறியும் வரை. முறிய வேண்டும் என்பதுதான் நோக்கமே. முறியாத சோதனையில் தெரிந்து கொள்ள அதிகம் இல்லை.

ஹாட்ஸ்டார் கூட்டிய பொய்க் கூட்டம் சாதாரணமானது அல்ல. 3,000-க்கும் அதிகமான பெரிய கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றிலும் 36 செயலிகள். மொத்தம் 1 லட்சத்து 8 ஆயிரம். நினைவகம் 216 டெராபைட். இத்தனையும் நடிப்பதற்கு மட்டும்! ஒரே ஊரிலிருந்து ஏவினால் அக்கம்பக்கத்தில் வாடகைக்கு இருக்கிற மற்ற கம்பெனிகளின் வேலையும் நின்றுவிடும் என்பதால், அமேசானின் 8 வட்டாரங்களில் பிரித்து வைத்து ஏவினார்கள்.

சோதனையில் எதைப் பார்க்கிறார்கள்? புக்கிங் கவுண்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பாரத்துக்கு 3 நிமிடம் என்றால் ஒரு கவுண்ட்டரில் மணிக்கு 20 பேர். மணிக்கு 18 பேர் வந்தால் கியூ நகரும், கிளார்க் டீ கூடக் குடிக்கலாம். 22 பேர் வந்தால் மணிக்கு 2 பேர் மிச்சம். காலையில் தெரியாது, மதியத்துக்குள் கியூ தெருவுக்கு வந்துவிடும். 20 பேர் ஒரே நிமிடத்தில் வந்தால் கடைசி ஆள் ஒரு மணி நேரம் நிற்பார். சர்வர் எந்த எண்ணிக்கை வரை சிரித்த முகத்தோடு வேலை செய்கிறது, எந்த எண்ணிக்கையில் கியூ தெருவுக்கு வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் சோதனையின் முதல் வேலை.

சராசரியை நம்பக் கூடாது என்பது அடுத்தது. "சராசரியாக 2 வினாடியில் பதில் வருகிறது" என்று அறிக்கை வரும். 100 பேரில் 95 பேருக்கு 1 வினாடியிலும், 5 பேருக்கு 21 வினாடியிலும் பதில் வந்தாலும் சராசரி 2 வினாடிதான்! அந்த 5 பேர் சும்மா இருப்பார்களா? இருக்க மாட்டார்கள். மறுபடி மறுபடி அழுத்துவார்கள். ஒரே ஆள் இந்தக் கியூவிலும் அந்தக் கியூவிலும் துண்டு போட்டு நிற்பது போல. கூட்டம் பெருகுவது பாதி இப்படித்தான். எனவே அனுபவசாலிகள் சராசரியை ஒதுக்கிவிட்டு, கடைசி 5 பேர், கடைசி 1 ஆள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார்க்கிறார்கள்.

பொய் மனிதர்களை நல்ல பிள்ளைகளாகப் படைத்துவிட்டாலும் சோதனை வீண். எல்லாப் பொய் மனிதரும் ஒரே ரயிலைப் பற்றிக் கேட்டால், சர்வர் அந்தப் பதிலை ஒருமுறை தேடி மடியில் வைத்துக் கொண்டு எல்லோருக்கும் அதையே நீட்டிவிடும். பார்க்கிறவருக்கு "ஆகா, என்ன வேகம்!" என்று தோன்றும். நிஜத்தில் ஒருவர் திருநெல்வேலி கேட்பார், ஒருவர் சேலம் கேட்பார், ஒருவர் ரகசியச் சொல்லை மூன்று முறை தப்பாக அடிப்பார், ஒருவர் பணம் கட்டும் இடத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போவார். பொய்க் கூட்டத்துக்கும் இந்தக் குறும்பையெல்லாம் கற்றுக் கொடுக்க வேண்டும்.

திருகாணிகள்

முறிந்த இடம் தெரிந்த பிறகு சீர் செய்யும் வேலை. இதில் புதியவர்கள் செய்யும் தவறு, எல்லாவற்றையும் கூட்டுவது. முன்னால் நிற்கும் சர்வர்கள் தகவல் பெட்டகத்தோடு பேச எத்தனை இணைப்பு வைக்கலாம் என்று ஒரு திருகாணி இருக்கிறது. 50 இணைப்பில் திணறுகிறதா, 500 ஆக்கு என்பார்கள். ஆபீசில் ஒரே லெட்ஜர் இருக்கும்போது 10 குமாஸ்தாக்களை உட்கார வைத்தால் என்ன ஆகும்? லெட்ஜரைப் பிடித்து இழுக்கவே நேரம் சரியாகிவிடும். இணைப்பைக் குறைத்ததும் வேலை வேகமான கதைகள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு.

இன்னொரு திருகாணி, எவ்வளவு நேரம் காத்திருந்து கைவிடுவது என்பது. ஒரு பகுதி பதில் சொல்லாவிட்டால் 60 வினாடி காத்திரு என்று வைத்தால், காத்திருப்பவர்களே நாற்காலிகளை அடைத்துக் கொள்வார்கள். நல்ல பகுதியும் நின்றுவிடும். சில வினாடிகளில் கைவிட்டு, மறுபடி கேட்பதானால் 1 வினாடி, 2 வினாடி, 4 வினாடி என்று இடைவெளி விட்டுக் கேட்கச் சொல்வது நல்லது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகாணியைத்தான் திருப்ப வேண்டும். திருப்பியதும் மறுபடி பொய்க் கூட்டத்தை ஏவிப் பார்த்து, நோட்டில் குறித்து வைக்க வேண்டும். இரண்டை ஒன்றாகத் திருப்பினால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹாட்ஸ்டார் இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தது. மூச்சு முட்டுகிற நேரத்தில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லும் பகுதி போன்றவற்றைத் தாமாகவே அணைத்துவிடுவார்கள். ஆட்டப் படமும், விளம்பரமும், பணம் கட்டும் இடமும் மட்டும் ஓடும். பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. தோனி அவுட்டான அந்த நிமிடங்களுக்கும் இப்படிப்பட்ட ஏற்பாடுகள்தான் காப்பு. 2023 நவம்பர் 19-ல் ஆமதாபாத் இறுதி ஆட்டத்தன்று அந்த நிறுவனம் தாங்கிய கூட்டம் 5 கோடியே 90 லட்சம்.

6 பேர்!

சோதிக்காமல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசாங்கமே சாட்சி. ஒபாமா ஆட்சியில் மருத்துவ இன்சூரன்ஸ் பதிவுக்கான தளத்தை 2013 அக்டோபர் 1-ந் தேதி திறந்தார்கள். 50, 60 ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. வந்தவர்களோ இரண்டரை லட்சம் வரை. முதல் நாள் முழுவதும் பாடுபட்டுப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். ஆமாம், ஆறே பேர். திறப்பதற்குச் சில நாள் முன்பு நடத்திய சோதனையில் சில நூறு பொய் மனிதர்களுக்கே தளம் விழுந்துவிட்டது என்று பின்னர் பத்திரிகைகள் எழுதின. பாலம் ஆடுகிறது என்று தெரிந்தும் வண்டியை விட்டது போல. இரண்டு மாதம் இரவு பகலாக வேலை செய்து, டிசம்பரில்தான் ஒரே நேரத்தில் 50 ஆயிரம் பேரைத் தாங்கும் நிலைக்குக் கொண்டு வந்தார்கள்.

காலை 10 மணி

கிரிக்கெட் நின்றால் பெருமூச்சோடு போகும். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து தட்கல் டிக்கெட்டுக்கு உட்கார்ந்தவருக்குப் பக்கம் சுற்றிக் கொண்டே நின்றால்? குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, சிலீப்பருக்கு 11 மணி என்று 2015 ஜூனில் பிரித்து வைத்ததே கூட்டத்தை இரண்டாக்கத்தான்.

"ஹாட்ஸ்டாரால் முடிந்தது ரயில்வேயால் ஏன் முடியவில்லை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டப் படத்தை ஆயிரம் பிரதி எடுக்கலாம், யாருக்கும் குறையாது. பெர்த்தைப் பிரதி எடுக்க முடியாது. எஸ்-4 பெட்டியில் 23-வது பெர்த் ஒன்றே ஒன்றுதான். அதை ஒருவர் பெயருக்கு எழுதும் வரை மற்றவர் கையை அந்த வரியில் வைக்க விடக் கூடாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு கவுண்ட்டரிலும் சில வண்டிகளுக்கு மட்டும் ரிஜிஸ்தர் இருந்த காலத்தில், அதைக் கிளார்க் பேனாவால் செய்தார். 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் 1999-ல் ஒன்றாக இணைந்தன. ரிஜிஸ்தர் கம்ப்யூட்டருக்குள் போனதே தவிர, ஒரு பெர்த்துக்கு ஒரு வரி என்ற விதி மாறவில்லை. முன்னால் ஆயிரம் சர்வர் வாடகைக்கு எடுக்கலாம். பின்னால் லெட்ஜர் ஒன்றுதான்.

அந்த லெட்ஜரின் வேகமும் கூடிக் கொண்டுதான் வந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் இணையதள முன்பதிவுக்குப் புதிய அமைப்பு வந்தபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது. ஒரே நேரத்தில் 40 ஆயிரம் பேர் என்பது 1 லட்சத்து 20 ஆயிரம் ஆனது. 2025 மே 22-ந் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அதுவரை அதுவே உச்சம். ஒன்றரை லட்சம் வரை உயர்த்தப் போவதாக அதே ஆண்டு ஜூன் இறுதியில் ரயில்வே அமைச்சகம் அறிவித்தது.

இத்தனைக்கும் பிறகு ஏன் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை? 2025 ஜூனில் அரசு வெளியிட்ட தகவலில் பதில் இருக்கிறது. தட்கல் திறந்த முதல் 5 நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை மனிதர்களே அல்ல! தானியங்கி மென்பொருள்கள். சோதனைக்காகப் பொறியாளர்கள் கூட்டுகிறார்களே, அதே பொய்க் கூட்டத்தைச் சில தரகர்கள் நிஜமான 10 மணிக்கு நிஜமான கியூவில் கொண்டு வந்து நிறுத்திவிடுகிறார்கள். பெயர், வயது, பெட்டி எல்லாம் முன்பே நிரப்பிய பொய் மனிதன் ஒரு வினாடியில் பாரத்தை நீட்டுகிறான். ஷிப்ட் முடிந்து வந்து, செல்போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் ஆள் அவனுக்குப் பின்னால் நிற்கிறார்.

அந்தப் பொய் மனிதர்களை வாசலிலேயே இனம் கண்டு தள்ளும் ஏற்பாட்டைச் செய்திருப்பதாகவும், சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி கணக்குகளை முடக்கிவிட்டதாகவும் அரசு சொன்னது. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. குளிர்சாதன வகுப்புக்கு 10 முதல் 10.30 வரையிலும், மற்றதற்கு 11 முதல் 11.30 வரையிலும் ஏஜெண்டுகள் தட்கல் எடுக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. ஆதாரை இணைக்காமல் வைத்திருக்கும் நம்மவர்கள், பொங்கலுக்கு முதல் நாள் 10 மணிக்கு அதைத் தேடாமல், இந்த வாரமே உட்கார்ந்து இணைத்துவிடுவது நல்லது. பயணிகளின் பெயர், வயதை முன்பே சேமித்து வைக்கவும் கணக்கிலேயே இடம் இருக்கிறது. அதுவும் சில வினாடிகளை மிச்சப்படுத்தும்.